மக்ரோனி ஒரு காய்கறி

மிஸ் ரோவீனாவின் சாப்பாட்டுக் கடையில் ஒரு கரும்பலகை உண்டு. இடது பக்கம் கறி, வலது பக்கம் காய்கறி. இடது பக்கத்தில் ஒன்று, வலது பக்கத்தில் மூன்று சொல்ல வேண்டும். சோள ரொட்டியும் சர்க்கரை போட்ட ஐஸ் டீயும் கேட்காமலே வரும். கறி வேண்டாம் என்பவர்கள் வலது பக்கத்திலிருந்தே நான்கும் சொல்லிக்கொள்ளலாம். அதற்குக் காய்கறித் தட்டு என்று பெயர். அலபாமாவில் எங்கள் மலையடிவாரத்து ஊர்களில் எந்தக் கடையில் நுழைந்தாலும் இதுதான் முறை.

அந்த வலது பக்கத்தில் டர்னிப் கீரை இருக்கும், மொச்சை இருக்கும், பாலாடை விட்டுக் குழைத்த சோளம், வெண்டைக்காய் வறுவல், வெல்லப்பாகில் ஊறிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் இருக்கும். அப்புறம் மக்ரோனி. கோதுமை மாவுக் குழல்களை வேகவைத்து, சீஸ் உருக்கி ஊற்றி, மேலே முறுகலாக, ஓரமெல்லாம் கொதித்துக்கொண்டு அடுப்பிலிருந்து நேரே வரும் மக்ரோனி. அது ஏன் காய்கறிப் பக்கத்தில் இருக்கிறது என்று எங்கள் பீச்சம் ஊரில் பிறந்த எவரும் கேட்டதில்லை. கோழி எப்படிக் கறியோ, அப்படி மக்ரோனி காய்கறி. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

வெர்லன் ஸ்ப்ரேபெரியும் கேட்டதில்லை. அவருக்கு வந்த வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வெர்லனைத் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவர் அம்மா காலுறை ஆலையில் விரல் பக்கத்தை மூடித் தைக்கும் மெஷினில் உட்கார்ந்திருந்தவர். அப்பா அதே ஆலையில் மூட்டை தூக்கியவர். மகன் ஆலைக்குப் போகவில்லை. சமையல் எரிவாயு லாரி ஓட்டப் போனார். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தொட்டியில் குழாயைச் செருகி நிரப்பிவிட்டு வர வேண்டிய வேலை. எந்த வீட்டில் இன்றைக்கு என்ன கொதிக்கிறது என்பது எங்கள் போதகருக்குத் தெரியாது, வெர்லனுக்குத் தெரியும். பின்கதவு திறக்கும், ஒரு கை வெளியே நீளும், அதில் ஒரு கோழித்தொடையோ பீச் பழம் வைத்துச் சுட்ட பை என்ற இனிப்புப் பண்டமோ இருக்கும். "வெர்லன், இதைப் பிடி, சூடா இருக்கு." அவர் பிடித்துக்கொள்வார். மனிதர் முழு ஆயுசும் ஊராரின் கையால் சாப்பிட்டவர்.

பதிலுக்கு ஊர் அவர் சொல்லை அப்படியே நம்பியது. தொட்டியின் அளவு காட்டும் முள் இந்த இடத்தில் நிற்கிறது என்று அவர் சொன்னால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். இறுதி ஆட்டத்தில் சொந்த மகனையே அவுட் கொடுத்தார். பையன் அழுதான், மனைவி ட்ரீவா இரண்டு நாள் பேசவில்லை. "அவன் அவுட்டு ட்ரீவா, நான் என்ன பண்றது?" என்பதற்கு மேல் வெர்லன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் இப்போது டெக்சாஸில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான், அந்த அவுட்டைப் பற்றி இன்னும் போனில் சண்டை போடுகிறான்.

ட்ரீவாவுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தங்கமான மனுஷி, சமையல் மட்டும் கைவரவில்லை. அதை ஒளிக்கவும் மாட்டார். "என் கையில உருப்படியா வர்றது காப்பி ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அதனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வெர்லனின் மத்தியானச் சாப்பாடு மிஸ் ரோவீனா கடையிலேயே நிலைத்துவிட்டது.

அங்கே மூலை மேசை அவருக்கும் இரண்டு சிநேகிதர்களுக்கும் என்று ஆகிவிட்டிருந்தது. ஒருவர் முடிதிருத்தும் டப் ஹார்கெட். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியக்குழு நடத்திய லமார் பெட்டஸ். சாப்பிடுமுன் முறை வைத்து ஜெபம் சொல்லுவார்கள். டப் சொன்னால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். லமார் சொன்னால் கிரேவி ஆறிவிடும். அப்புறம் மிளகாய் ஊறிய காடிப் புட்டி கைமாறும், யார் தோட்டத்தில் தக்காளி முதலில் பழுத்தது என்ற சண்டை தொடங்கும். பெரிய விஷயம் எதுவும் அங்கே பேசப்பட்டதே இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் இல்லாமல் அவர்கள் யாருக்கும் பொழுது பொழுதாக இருக்காது.

வெர்லனுக்குச் சர்க்கரை ரொம்ப நாளாகவே உண்டு. மாத்திரை போட்டுக்கொள்வார், மறந்துவிடுவார். போன வசந்தத்தில் புது பூட்ஸ் வாங்கினார். அது இடது கால் சுண்டுவிரலைக் கடித்தது. சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி ஏது? காலுறையில் ரத்தத்தைப் பார்த்து ட்ரீவாதான் அலறினார். அலறிய கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் நோவாக் வடக்கே மின்னசோட்டாவிலிருந்து வந்த சின்ன வயசுப் பெண். நல்ல டாக்டர், வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மத்தியானம் எங்க சாப்பிடுறீங்க?"

"மிஸ் ரோவீனா கடையில, டாக்டரம்மா."

"என்ன சாப்பிடுவீங்க?"

"திங்கக்கிழமை பொரிச்ச கோழி. செவ்வாக்கிழமை மாட்டுக்கறி கேக்கு மாதிரி சுட்டுத் தருவாங்க, அது. புதன்கிழமை கெளுத்தி வறுவல். வியாழக்கிழமை..."

"போதும், போதும். அங்க காய்கறி கிடைக்குமா?"

வெர்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காய்கறியா? பலகையில பாதி காய்கறிதான். காய்கறித் தட்டுன்னே தனியா ஒண்ணு இருக்கு."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப அதையே சாப்பிடுங்க. கோழி வேண்டாம், மீன் வறுவல் வேண்டாம், பை வேண்டாம், டீயில சர்க்கரை வேண்டாம். காய்கறித் தட்டு மட்டும். முடியுமா? புண்ணு ஆறலைன்னா விரல் போயிடும், அதோட நிக்காது. விளையாட்டில்ல."

"சொல்லிட்டீங்கல்ல? சாப்பிடுறேன்" என்றார் வெர்லன்.

சொன்னபடி செய்தார். ஒரு நாள் தவறவில்லை. சர்க்கரை இல்லாத டீயை முதல் மடக்கு குடித்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து டப் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"டேய், இன்னையிலேருந்து ஆடு மாடு மாதிரி தழை திங்கப் போறியா? வாசல்ல புல்லு நல்லா வளர்ந்திருக்குடா, போய் மேஞ்சிட்டு வா."

"சும்மா இருடா" என்றார் லமார். சொல்லிக்கொண்டே கோழித்தொடையை வெர்லன் மூக்குக்கு நேரே ஒரு தடவை ஆட்டிவிட்டுத்தான் கடித்தார். சிநேகிதம் என்றால் அப்படித்தான்.

வெர்லன் வாயைக் கட்டினார். மக்ரோனி, சோளம், சர்க்கரைவள்ளி, வெண்டைக்காய் வறுவல். மறுநாள் மக்ரோனி, மொச்சை, சோளம், மறுபடியும் மக்ரோனி. நான்கு சொல்லலாம் என்றால் ஒன்றையே இரண்டு தடவை சொல்லவும் கூடும், அதுவும் முறைதான். கறி இல்லாத வயிறு சீக்கிரம் பசிக்கிறதே என்று கூட இரண்டு துண்டு சோள ரொட்டி.

மிஸ் ரோவீனாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தம்மாள் ஆளைப் பார்த்தால் அதட்டலாகத்தான் இருப்பார், குரல் சமையலறையிலிருந்து தெருவுக்குக் கேட்கும். ஆனால் ஒருவர் தட்டு காலியாவதைப் பார்த்தால் தாங்காது. "கோழியைக் கண்ணால பார்த்துக்கிட்டு வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே கண்ணு, பாவம்" என்று தினமும் தானே வந்து ஒரு கரண்டி மக்ரோனி கூடப் போட்டுவிட்டுப் போவார். முறுகலான ஓரத்துத் துண்டாகப் பார்த்துப் போடுவார். அதை அந்தம்மாள் சொந்தத் தம்பிக்கே தந்ததில்லை.

அடுத்த தடவை ட்ரீவாவோடு டாக்டரிடம் போனபோது வெர்லன் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். கட்டைப் பிரித்து விரலைப் பார்த்தார். அது கறுக்கத் தொடங்கியிருந்தது.

"ஏறியிருக்கு" என்றார். "கொஞ்ச நஞ்சமில்ல. முன்னைவிட மோசம்."

"ஏறியிருக்கா?"

"மிஸ்டர் ஸ்ப்ரேபெரி, என்கிட்ட மறைக்காதீங்க. நான் திட்ட மாட்டேன். ஆனா உண்மையைச் சொன்னாத்தான் உங்க காலைக் காப்பாத்த முடியும். என்ன சாப்பிட்டீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சாப்பிட்டேன். காய்கறி."

"காய்கறி மட்டும் சாப்பிட்டிருந்தா இந்த நம்பர் வராது."

வெர்லனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆயுசில் முதல் தடவையாக ஒருவர் அவர் முகத்துக்கு நேரே, நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லியிருக்கிறார், அதுவும் அத்தனை அன்பாக. கால் போய்விடும் என்பதைவிட அதுதான் அவரைக் குத்தியது. திரும்பி ட்ரீவாவைப் பார்த்தார். ட்ரீவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி ஆலைத் திருப்பம் தாண்டியதும் ட்ரீவா மெதுவாக ஆரம்பித்தார்.

"வெர்லன், நான் கோவிச்சுக்க மாட்டேன். சொல்லிடு. எங்க போய் சாப்பிடுறே?"

"எங்கயும் போகல."

"நான் உன் சட்டையை மோந்து பார்த்தேன்."

"என்னது?"

"தினமும் சாயங்காலம். கோழி வாசனை வருதான்னு. வண்டி சீட்டுக்கு அடியிலயும் தேடினேன், மிட்டாய்த் தாள் இருக்கான்னு."

"இருந்துச்சா?"

"இல்ல."

"நான் என்னிக்காவது உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேனா ட்ரீவா?"

"இல்ல. அப்ப உன் ரத்தம் ஏன் பொய் சொல்லுது?" ட்ரீவா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நீ காலோட வேணும்யா. வேற ஒண்ணும் வேண்டாம்."

வெர்லனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்துபோய் எதையாவது தின்கிறோமோ என்றுகூட யோசித்துப் பார்த்தார், ஐயோ பாவம்.

மறுநாள் மேசையில் உட்கார்ந்து, டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார். டப் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு துண்டு பை கூடவா திங்கல? எங்கிட்ட சொல்லுடா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். வெர்லன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். டப்பே நம்பவில்லை என்றால் இனி ஊரில் யார் நம்பப் போகிறார்கள்? தொப்பியை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே வண்டியில் ஏறி நேரே டாக்டர் வாசலுக்குப் போய்விட்டார்.

"டாக்டரம்மா, நாளைக்கு மத்தியானம் நீங்க என்கூட வந்து சாப்பிடணும். நான் என்ன சாப்பிடுறேன்னு உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறமும் நான் பொய்க்காரன்னு சொன்னீங்கன்னா ஒத்துக்கிறேன்."

டாக்டர் வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்றார்.

வந்தார். வெள்ளைக் கோட்டோடு டாக்டர் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் தட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ட்ரீவாவும் பள்ளிக்கூட இடைவேளையில் ஓடி வந்திருந்தார். அன்றைக்கு ஜெபம் லமார் முறை. டாக்டர் இருக்கிறார் என்று இன்னும் நாலு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். ஆமென் போட்ட பிறகு வெர்லன் சமையலறைப் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மிஸ் ரோவீனா, வழக்கமான காய்கறித் தட்டு!"

தட்டு வந்தது. ஆவி பறக்க மக்ரோனி ஒரு குவியல், பக்கத்தில் சோளம், அடுத்து மார்ஷ்மெல்லோ மிட்டாய் உருகி வழியும் சர்க்கரைவள்ளி, கடைசியில் இன்னொரு குவியல் மக்ரோனி. மேலே ரோவீனாவின் அந்த ஒரு கரண்டி.

டாக்டர் தட்டைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"காய்கறி எங்க?"

டப், லமார், வெர்லன் மூன்று பேரும் முள்கரண்டியால் ஒரே இடத்தைக் காட்டினார்கள். "இதோ."

"இது மக்ரோனி."

"ஆமா" என்றார்கள் மூவரும்.

"மக்ரோனி மாவுங்க. மாவும் சீஸும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டப்தான் பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் விளக்கினார். "டாக்டரம்மா, அது காய்கறிப் பக்கத்துல இருக்கு பாருங்க." பலகையைக் காட்டினார்.

டாக்டர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். பிறகு வெர்லன் பக்கம் திரும்பி, "தினமும் இதையா சாப்பிட்டீங்க?" என்றார்.

"ஒரு நாள் விடாம. கோழியைத் தொடல. பையைத் தொடல. நீங்க சொன்னீங்களே, காய்கறித் தட்டுன்னு."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தார்கள், சிரிக்கத்தான் செய்தார். கையை எடுத்தபோது கண் நனைந்திருந்தது. எட்டி வெர்லனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பொய் சொல்லல மிஸ்டர் ஸ்ப்ரேபெரி. ஒரு வார்த்தை பொய் சொல்லல. காய்கறின்னா உங்க ஊர்ல என்னன்னு நான்தான் கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிருங்க."

வெர்லன் தட்டைப் பார்க்கவில்லை, காலைப் பற்றிக் கேட்கவில்லை. ட்ரீவாவைத்தான் பார்த்தார். ட்ரீவா எழுந்து வந்து, ஊரே பார்க்க, அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தார். "சட்டையை மோந்து பார்த்த மூக்கை வெட்டிப் போடணும்" என்றார். கடை மொத்தமும் மூச்சு விட்டது. டப் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அப்பவே நம்பினேன்" என்றார். லமார் அவரை முழங்கையால் ஓர் இடி இடித்தார்.

டீ ஜாடியோடு நின்ற ரோவீனா மட்டும் சிரிக்கவில்லை. "நான் தினமும் ஒரு கரண்டி கூடப் போட்டேனே" என்று தனக்குத்தானே சொன்னார். ஜாடியை அருகிலிருந்த மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெர்லன் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். அந்தம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று இடுப்பில் கட்டிய சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் காலை நானே தின்னுட்டேன் வெர்லன்."

வேறொருவராக இருந்தால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார். வெர்லனுக்கு அப்படிச் சொல்ல வராது.

"மக்ரோனிதான் ஏத்தியிருக்கு, டாக்டரம்மா சொல்றாங்க. அது நிஜந்தான். ஆனா இதையும் கேட்டுக்குங்க மிஸ் ரோவீனா. அந்த ஒரு கரண்டி நீங்க போடலைன்னா நான் ரெண்டாம் நாளே வாயைத் திறந்து கோழி கேட்டிருப்பேன். எனக்காக ஒருத்தர் வருத்தப்படுறாங்கன்னு நினைச்சுத்தான் அந்தச் சர்க்கரை இல்லாத டீயை முழுங்கினேன்."

"பேசாம வெளிய போ" என்றார் ரோவீனா. "போறப்ப அந்தக் கதவைச் சாத்து."

அன்று சாயங்காலமே பலகையிலிருந்து மக்ரோனி அழிக்கப்பட்டு, இடது பக்கம் கறிக்குக் கீழே எழுதப்பட்டது. அடேயப்பா, ஊரில் கிளம்பிய கலவரம்! மக்ரோனி வேண்டுமானால் கோழியை விட வேண்டும் என்று ஆகிவிட்டதே! சபை மூப்பர் ஒருவர் நியாயம் கேட்கக் கடைக்கே வந்தார். "மக்ரோனி காய்கறி இல்லைன்னா அப்புறம் உலகத்துல எதைத்தான் நம்புறது?" என்று அவர் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். கடைசியில் ரோவீனா பலகையின் அடியில் தலைப்பு எதுவும் இல்லாமல் தனியாக அதை எழுதி வைத்தார். அங்கேயே இருக்கிறது.

வெர்லனுக்குச் சர்க்கரை இறங்கியது. ஆனால் விரலுக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் அந்தத் தட்டையே சாப்பிட்டிருந்தால் கணுக்காலுக்கு மேலே வெட்ட வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் நோவாக் ஒளிக்காமல் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் வெர்லன் கட்டைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா ஊருக்கெல்லாம் காலுறை விரல் தச்சாங்க. அவங்களுக்கு ஒரு விரல் மிச்சம் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றாராம். ட்ரீவா சிரித்துக்கொண்டே அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகு ட்ரீவாவுக்கு வேறு பயம். எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அடுப்பு மூட்ட விடமாட்டோம். ஊரே பாத்திரத்தோடு வந்து நிற்கும், யாருடையது என்று தெரிய அடியில் பேரெழுதி ஒட்டி, மேலே அலுமினியத் தகடு மூடி. சாவு வீட்டுக்கும் அதுதான், பிள்ளை பிறந்த வீட்டுக்கும் அதுதான். வெண்ணெயும் சீஸும் சர்க்கரையும் இல்லாத பாத்திரம் ஒன்று வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"இவங்க அன்பாலயே உன்னைக் கொன்னுடப் போறாங்க. வேண்டாம்னா மனசு நோகும். என்ன செய்யறதுன்னு தெரியல" என்று ட்ரீவா புலம்பிக்கொண்டிருக்கும்போதே டப்பின் வண்டி வாசலில் நின்றது.

டப் தகடு மூடிய ஒரு சட்டியை வெடிகுண்டைத் தூக்கி வருவது போல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். மூஞ்சி தொங்கிப் போயிருந்தது.

"டர்னிப் கீரைடா. நானே செஞ்சேன். உப்புக்கண்டம் போடல, சத்தியமா போடல. பன்னிக் கொழுப்புக்குக் கை நீண்டுச்சு, இழுத்துக்கிட்டேன். மன்னிச்சிரு."

அடுத்து லமார். அவர் கையில் வெறும் தண்ணீரில் வேகவைத்த முட்டைக்கோஸ். "எங்க வீட்டு நாய் மோந்து பார்த்துட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு வெர்லன். அது என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ஆனா டாக்டரம்மாகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன்." சபை மூப்பரின் மனைவி காடியில் ஊறிய வெள்ளரிக்காயைக் கொடுத்துவிட்டு, "இதைப் போய் ஒரு மனுஷன் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினார். காலுறை ஆலைக்காரர்கள், பேஸ்பால் ஆடிய பழைய பிள்ளைகள், லாரிக்குப் பின்கதவு திறந்த கைகள் எல்லாம் வந்தன. ஒவ்வொரு பாத்திரமும் வெளிறிப் போன பீன்ஸ், வாடிய கீரை, பூசணி. ஒவ்வொருவரும் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

வெர்லன் சாய்வு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் யாரும் பிறந்ததிலிருந்து இறைச்சித் துண்டு போடாமல் ஒரு பானை கொதிக்கவைத்ததில்லை. இப்படி ஒரு சட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது மானக்கேடு என்று நினைக்கிற ஜனங்கள். ஊர் பார்க்க அந்த மானத்தை விட்டுக்கொடுத்து, பேரெழுதி ஒட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். நான் அப்படி என்ன செய்துவிட்டேன் இவர்களுக்கு, தொட்டியில் வாயு நிரப்பியதைத் தவிர, என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக ரோவீனா வந்தார். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மொச்சைப் பானையை மேசையில் வைத்து, தானே ஒரு தட்டு எடுத்து, தானே பரிமாறி, வெர்லன் மடியில் வைத்துவிட்டு எதிரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பன்றிக்கால் போடாமல் ரோவீனா ஸ்டாலிங்ஸ் வைத்த முதல் பானை அது. எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்தம்மாளுக்கும் தெரியும்.

"சாப்பிடு. எப்படி இருக்குன்னு உள்ளதைச் சொல்லு."

ட்ரீவா பின்னால் நின்றபடி, நல்லா இருக்குன்னு சொல்லிடுய்யா என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

வெர்லன் ஒரு வாய் எடுத்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ரொம்ப மோசமா இருக்கு மிஸ் ரோவீனா" என்றார். "இன்னும் கொஞ்சம் போடுங்க."